பரோக் இசை அறிஞர் ஒருவரின் மேசையை எப்படிக் காலி செய்வது

ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை எழுந்த பரோக் இசையின் ஆராய்ச்சியில் ஆயுள் முழுக்க உழைத்த ஒருவர் காலமானதும் அவருடைய மாணவர்கள் கூடி முதலில் பேசுவது, எந்த மண்டபம், யார் யார் பேசுவது, மார்பளவு சிலை ஒன்று வைக்கலாமா என்பதைத்தான். என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதத்துக்கு இதில் எதையும் தொட வேண்டாம். சிலைக்கு அவசரம் கிடையாது. அவர் வீட்டு அலமாரிக்கு அவசரம் உண்டு. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். உறவினர் யாராவது பழைய காகிதம் என்று கட்டித் தூக்கிப் போட்டுவிடுவார். கணினியின் கடவுச்சொல் அவரோடே போயிருக்கும்.

நான் ஒரு இசை நூலகத்தில் தனியார் சேகரிப்புகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் ஆய்வு வழிகாட்டியின் காகிதங்களும் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்தன. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் கன்செர்டோக்களை (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) கையால் படியெடுத்தவர்கள் யார் என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி. அவருக்கு மரியாதை செய்வதென்றால், அவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் வேலையைத் தொடங்க முடிய வேண்டும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதையும் நகர்த்தும் முன்

அறைக்குள் போனதும் கை பரபரக்கும், அடுக்கத் தோன்றும். அடுக்காதீர்கள். ஒவ்வொரு தட்டையும், மேசையையும், தரையில் கிடக்கும் குவியலையும் கிடந்தது கிடந்தபடி படம் எடுங்கள். தட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று ஒவ்வொரு படத்திலும் தெரியட்டும். எங்கள் பேராசிரியர் ஒரே படைப்பின் மூன்று நான்கு மூலங்களின் நகல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுநடுவே பழைய ரயில் டிக்கெட்டையோ காலி உறையையோ செருகியிருப்பார். பார்த்தால் குப்பை மாதிரி இருக்கும். ஆனால் எதிலிருந்து எது படியெடுக்கப்பட்டது என்று அவர் நினைத்த வரிசையே அந்த அடுக்கு. இசையமைப்பாளர் பெயரை வைத்து அகரவரிசைப்படுத்தியிருந்தால், எழுதப்படாத ஒரு கட்டுரையே காணாமல் போயிருக்கும்.

இதற்குப் பரோக் காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவை இசைக்குழுவின் தலைமை வயலின் கலைஞர் யோகான் கியோர்க் பிசெண்டல் 1755-இல் இறந்தார். வெனிஸில் விவால்டியோடு பழகியவர். விவால்டியின் இசையை டிரெஸ்டனுக்குக் கொண்டுவந்தவர். பிசெண்டல் சேர்த்த பிரதிகளோடு அரசவையின் வாத்திய இசைப் பிரதிகளையும் பிற்பாடு ஒரு அலமாரியில் வைத்து மூடினார்கள். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு காகித உறை. உறைமேல் ஒரு சீட்டு. சீட்டில் 'அலமாரி எண் 2' என்று தொடங்கி எந்தத் தட்டு, எந்த அடுக்கு என்ற விவரம். அடுத்த நூற்றாண்டின் நடுவில்தான் அதை மறுபடி திறந்து பார்த்தார்கள். இன்றைக்கு ஒரு பிரதி அந்தத் தொகுப்பைச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் ஆராய்ச்சியாளர் தேடுவது அந்தச் சீட்டைத்தான். உறை அழுக்காக இருக்கிறது என்று யாராவது ஒரு சுத்தக்காரர் அதைக் கழற்றி எறிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆகவே பெட்டி, கோப்பு, உறை, கட்டிய நூல் எல்லாம் கூடவே வரட்டும்.

குடும்பத்தாரிடம் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காகிதம் நூலகத்துக்கு வந்துவிட்டாலும், அதில் உள்ள அச்சேறாத எழுத்தின் உரிமை வாரிசுகளிடம்தான் இருக்கும். இது இரண்டும் வேறு வேறு என்பதை அன்றைக்கே பேசிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. உயிரோடிருப்பவர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களைத் தனியே பிரித்து, எத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்று குறித்துவிடுங்கள். ஆராய்ச்சியாளர்கள் கடிதத்தில் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதுவது எப்போதும் அழகாக இருப்பதில்லை.

கெட்டுப்போகிறவற்றை முதலில் கவனியுங்கள். மைக்ரோஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தப் புளித்த ஆவி பக்கத்திலிருக்கும் சுருள்களையும் கெடுக்கும். 'இதெல்லாம் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே' என்று உடனே கழித்துவிடவும் வேண்டாம். சில பிரதிகள் அந்த ஃபிலிம் எடுத்த பிறகு சேதமாகியிருக்கலாம், தொலைந்தும் போயிருக்கலாம். அதே சமயம், அந்த ஃபிலிமை விற்ற நூலகம் என்ன நிபந்தனை போட்டது என்று பார்க்காமல் ஸ்கேன் செய்து ஊருக்கெல்லாம் பரப்பவும் கூடாது.

கணினிக் கோப்புகளின் நிலைமை இன்னும் மோசம். அவர் பதிப்புகளை இசைக்குறி எழுதும் ஃபினாலே மென்பொருளில் அடித்து வைத்திருந்தால், அதன் வளர்ச்சியை 2024-இலேயே நிறுத்திவிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்த மென்பொருள் ஓடுகிற கணினி ஒன்று கையில் இருக்கும்போதே எல்லாக் கோப்புகளையும் பிற இசை மென்பொருள்களும் படிக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவிலும் பிடிஎஃப் வடிவிலும் மாற்றிவிடுங்கள். மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள்.

பென்சில் குறிகள்

பெரும்பாலான நூலகங்கள் அச்சிட்ட ஸ்கோர்களை (இசைக்குறி நூல்களை) வேண்டாம் என்று சொல்லும், ஏற்கெனவே இருக்கிறது என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பென்சிலால் குறித்து வைத்த ஸ்கோர் வேறு. அவற்றை நீங்களே பக்கம் பக்கமாகப் புரட்டிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குறிகளில் பொதுவாக மூன்று வகை உண்டு. வாசிப்பதற்கான குறிகள்: வில் மேலா கீழா, மூச்சு எங்கே, ட்ரில் எந்தச் சுரத்தில் தொடங்குவது. பாடம் நடத்துவதற்கான குறிகள்: அம்புக்குறிகள், பெரிய எழுத்தில் 'இங்கே நிறுத்து'. மூன்றாவதுதான் தங்கம். மூலத்தோடு ஒப்பிட்டு அச்சைத் திருத்தியவை: தவறிய ஷார்ப், இடம் மாறிய ஸ்லர் (சுரங்களை இணைக்கும் வளைகோடு), பேஸ் வரிக்குக் கீழே சேர்த்து வாசிக்க வேண்டிய சுரத்தைக் காட்டும் எண் 6 என்று இருக்க வேண்டிய இடத்தில் 7. இந்த மூன்றாவது வகை உள்ள ஸ்கோர்களின் பட்டியலை முதல் பக்கத்திலேயே வைத்தால் எந்த நூலகரும் மறுக்க மாட்டார். நான் மறுக்க மாட்டேன்.

அட்டைகளும் கேள்விக்குறிகளும்

அந்தத் தலைமுறை ஆராய்ச்சியாளர்களின் மூளை புத்தகத்தில் இல்லை, குறிப்பு அட்டைகளில் இருக்கிறது. எங்கள் பேராசிரியருடையது செருப்புப் பெட்டிகளில் இருந்தது. ஒரே ஒரு அட்டையை மட்டும் சொல்கிறேன். மேலே இடது மூலையில் 'டி-டிஎல்' என்று இருக்கிறது. டிரெஸ்டன் நூலகத்துக்கு, இசை மூலங்களுக்கான பன்னாட்டுப் பட்டியலான ரிஸ்ம் கொடுத்த குறியீடு அது. முதல் எழுத்து நாட்டைக் குறிக்கும். அதன் கீழே பிரதியின் எண். நடுவில் அவர் கையால் வரைந்த மூன்று சின்னங்கள்: படியெடுத்தவர் வரியின் தொடக்கத்தில் வரும் பேஸ் கிளெஃப் குறியை எப்படி வளைத்தார், கால் மாத்திரை ஓய்வை எப்படி இழுத்தார், வரி முடியும் இடத்தில் அடுத்த வரியின் முதல் சுரத்தைக் காட்டும் குறியை எப்படிக் கிறுக்கினார். வலது ஓரத்தில் பென்சிலில் 'அதே கைதானா?' அதன் கீழே நீல மையில் 'ஆம்'. பிறகு கறுப்பு மையில் அந்த 'ஆம்' அடிக்கப்பட்டு மறுபடி ஒரு கேள்விக்குறி.

இதைக் கணினி அட்டவணையில் ஏற்றும்போது பலர் கடைசி முடிவை மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள். செய்யாதீர்கள். 'அவர் எழுதியது எழுதியபடி' என்று ஒரு பத்தி, 'அவர் எவ்வளவு நிச்சயமாக இருந்தார்' என்று ஒரு பத்தி, 'ஏற்றியவரின் குறிப்பு' என்று ஒரு பத்தி, மூன்றும் தனித்தனியாக வேண்டும். அவர் எண்ணைத் தவறாக எழுதியிருந்தால்கூட அவர் பத்தியில் தவறாகவே இருக்கட்டும். திருத்தம் உங்கள் பத்தியில் வரட்டும். சின்னங்களை வார்த்தையில் வர்ணிக்க முயல வேண்டாம், அட்டையை இருபுறமும் ஸ்கேன் செய்து இணைத்துவிடுங்கள். பின்புறம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். காலியாக இல்லாத அந்த ஓரிரண்டுதான் நம்மைத் தூக்கிவாரிப்போடும்.

மேலே சொன்ன ரிஸ்மைப் பற்றி ஒரு வார்த்தை. 1952-இல் பாரிஸில் தொடங்கியது, அதன் பட்டியலை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். படைப்பின் தொடக்கச் சுரங்களைக் கொடுத்தும் தேடலாம். பெயரில்லாமல் கிடக்கும் ஒரு பிரதியை யார் எழுதியது என்று உங்கள் அறிஞர் கண்டுபிடித்து அட்டையில் எழுதியிருந்து, அது ரிஸ்ம் பதிவில் இன்னும் 'பெயர் தெரியாதவர்' என்றே இருந்தால், திருத்தத்தை ஆதாரத்தோடு அவர்களுக்கு அனுப்புங்கள். அஞ்சலிக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது மறந்துபோகும். அந்தப் பதிவைப் பார்ப்பவர்கள் தினமும் இருப்பார்கள்.

வெளியீடுகளின் பட்டியல்

புத்தகமும் ஆய்விதழ்க் கட்டுரையும் எப்படியும் கிடைத்துவிடும். தேட வேண்டியது சில்லறைகளை: இசைத்தட்டு உறைகளின் பின்னால் எழுதியவை, கச்சேரி நிகழ்ச்சிக் குறிப்புகள், நூல் விமர்சனங்கள், கலைக்களஞ்சியப் பதிவுகள், பதிப்புகளோடு வரும் ஆதார அறிக்கைகள். ஆதார அறிக்கையை யாரும் படிப்பதில்லை, ஆனால் பரோக் ஆராய்ச்சியாளரின் நிஜமான உழைப்பு அங்கேதான் பொடி எழுத்தில் புதைந்திருக்கும். அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளையும் சேருங்கள்.

மாணவர்களிடமும் சக ஆராய்ச்சியாளர்களிடமும் பேட்டி எடுத்து ஒலிப்பதிவு செய்யலாம். 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'மகா மனிதர்' என்ற பதில்தான் வரும். 'இந்த எண்ணை ஏன் அவர் பிற்பாடு மாற்றினார்?' என்று கேளுங்கள்.

பெயர் எங்கே ஒட்டும்

விருது வைப்பது, அரங்குக்குப் பெயர் வைப்பது எல்லாம் இருக்கட்டும். இந்தத் துறையில் ஒருவர் பெயர் எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்கார்லட்டியின் சொனாட்டா வாசிப்பவர் அதன் பட்டியல் எண்ணை 'கே 141' என்று சொல்லும்போது 1953-இல் 555 சொனாட்டாக்களுக்கும் எண் கொடுத்த ரால்ஃப் கிர்க்பாட்ரிக்கைச் சொல்கிறார். விவால்டியின் பட்டியல் எண்களில் வரும் 'ஆர்.வி.' என்பதில் அதைத் தயாரித்த பீட்டர் ரியோம் இருக்கிறார். ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் 'இசட்' என்பதில் ஃபிராங்க்ளின் சிம்மர்மேன் இருக்கிறார். கல்வெட்டு எதுவும் இவ்வளவு தடவை வாசிக்கப்படுவதில்லை.

டூரின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 1926-இல் வட இத்தாலியில் சலேசியத் துறவியர் நடத்திய ஒரு பள்ளியில் பழைய இசை ஏடுகளை விற்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. டூரின் தேசிய நூலகத்தின் இயக்குநர் லூயிஜி டோர்ரி, என்ன சரக்கு என்று பார்த்துச் சொல்லும்படி இசைப் பேராசிரியர் ஆல்பெர்ட்டோ ஜென்டிலியைக் கேட்டார். உள்ளே 14 தொகுதி விவால்டி. வாங்க நூலகத்திடம் பணம் இல்லை. ரோபெர்ட்டோ ஃபோவா என்ற பங்குத் தரகர், இறந்துபோன தன் சின்ன மகன் மௌரோவின் நினைவாக வாங்கிக் கொடுத்தார். தொகுப்பில் பாதி இல்லை என்று ஜென்டிலிக்குத் தெரிந்துவிட்டது. மீதியைத் தேடி தொகுப்பின் பழைய உரிமையாளர்களான ஜெனோவாவின் துராட்சோ குடும்பத்து வாரிசிடம் கண்டுபிடித்தார்கள். அதை 1930-இல் வாங்கியவர் ஃபிலிப்போ ஜோர்டானோ என்ற ஆலை அதிபர். அவரும் மகனைப் பறிகொடுத்தவர். அந்தக் குழந்தையின் பெயர் ரென்சோ. இன்றைக்கு விவால்டி பற்றி யார் எழுதினாலும் அடிக்குறிப்பில் 'ஃபோவா', 'ஜோர்டானோ' என்ற பிரதி எண்கள் வராமல் இருக்காது.

ஜென்டிலி? அவர் யூதர். இத்தாலியின் 1938 இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே தள்ளின. கண்டுபிடித்தவரின் பெயர் எந்தப் பிரதி எண்ணிலும் இல்லை.

இதை நான் சொல்வதற்குக் காரணம், சேகரிப்பை நூலகத்திடம் ஒப்படைக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய ஒரே சலுகை இதுதான் என்பதற்காக. ஒவ்வொரு உருப்படியின் பட்டியல் பதிவிலும் 'யாரிடமிருந்து வந்தது' என்ற இடத்தில் அவர் பெயர் முழுமையாக, ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். தனி அறை வேண்டும், தனி அலமாரி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கொடுக்கல் வாங்கலே முறிந்துபோகும்.

விருது நிதி வைக்கும் அளவுக்குப் பணம் இருந்தால், பதக்கத்தை விட்டுவிட்டு, இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஏதாவது ஒரு நூலகத்துக்குப் போய் மூலத்தை நேரில் பார்த்துவரும் செலவுக்குக் கொடுங்கள். வட்டி தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கொடுத்துவிட்டு நின்றுபோகும் விருதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்.

அவர் தவறுகளை என்ன செய்வது

மறைக்காதீர்கள். ஃபிலிப் ஸ்பிட்டா 1873-இலும் 1880-இலும் வெளியிட்ட, ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் வாழ்க்கை வரலாறு இந்தத் துறையின் அஸ்திவாரம். காகிதத்தை ஒளியில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியை வைத்துக் காலம் கணிக்கலாம் என்று பாஹ் ஆராய்ச்சிக்குக் காட்டியவரே அவர்தான். ஆனாலும் பாஹ் தேவாலயப் பாடல்களை (கோரல்) அடிப்படையாக வைத்து எழுதிய கோரல் கன்டாட்டாக்களை அவர் 1735-க்குப் பின்னால் தள்ளிவிட்டார். 1950-களின் கடைசியில் ஆல்ஃப்ரெட் டூரும் கியோர்க் ஃபான் டாடெல்சனும் அதே நீர்க்குறிகளையும் படியெடுத்தவர்களின் கையெழுத்தையும் பொறுமையாகச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவை 1724–25-ஐச் சேர்ந்தவை என்று நிறுவினார்கள். ஸ்பிட்டாவின் கருவியைக் கொண்டே ஸ்பிட்டாவைத் திருத்தினார்கள். அவரை யாரும் அலமாரியிலிருந்து இறக்கிவிடவில்லை. உங்கள் அறிஞரின் புத்தகத்துக்கும் ஒரு திருத்தப் பட்டியல் தயாரித்து, வெளியீடுகளின் பட்டியலோடு சேர்த்தே வையுங்கள்.

தவறு வேறு, மூடிமறைத்தது வேறு. இத்தாலிய இசை அறிஞர் ரெமோ ஜியாசோட்டோ, பரோக் இசையமைப்பாளர் ஆல்பினோனிக்கு உண்மையாகவே உழைத்தவர். ஆனால் 1958-இல் அச்சான அந்தப் புகழ்பெற்ற 'ஆல்பினோனியின் அடாஜியோ' அவருடைய சொந்தச் சரக்கு. டிரெஸ்டனில் கிடைத்த துண்டிலிருந்து எழுதினேன் என்றார். அந்த மூலத் துண்டு இதுவரை வெளிவரவில்லை. அவரைப் பற்றி எழுதுபவர் இதைத் தாண்டிக் குதித்துப் போனால், மீதி எழுதியதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

முடியாமல் கிடக்கும் பதிப்பு

எல்லோருடைய மேசையிலும் ஒன்று இருக்கும். எல்லா மூலங்களையும் அவர் ஒப்பிட்டு முடித்துவிட்டாரா என்று முதலில் பாருங்கள். முடித்திருந்தால் ஒரே ஒருவரிடம் ஒப்படைத்து முடிக்கலாம். முன்பக்கத்தில் எதுவரை அவர், எதிலிருந்து நீங்கள் என்று வெளிப்படையாக இருக்கட்டும். முடிக்கவில்லை என்றால் இருக்கிற கோப்பை அப்படியே நூலகத்தில் வையுங்கள். பாஹ் இறந்த மறுவருடம், 1751-இல், ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்தும் ஃபியூக் வடிவப் படைப்புகளின் தொகுப்பான 'ஃபியூக் கலை'யை அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் கடைசி ஃபியூகை முடியாததாகவே விட்டு, அதை ஈடுகட்ட ஒரு கோரலைச் சேர்த்து, அதைச் சொல்லியும் வைத்தார்கள். அது நேர்மை. ஆனால் அதே பதிப்பில் பத்தாவது கான்ட்ராபுன்க்டஸின் (தொகுப்பில் ஃபியூகுகளுக்கு உள்ள பெயர்) பழைய வடிவமும் தனி உருப்படி போலத் தவறி நுழைந்துவிட்டது. பாஹின் மகனே பக்கத்திலிருந்தும் இப்படி நடக்கிறது என்றால், தலைப்பில்லாத கோப்புகளை நாம் எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்!

அவர் நினைவாகப் போடும் கட்டுரை மலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கொரு கட்டுரையை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் மலர் கனக்கும், யாரும் தொடமாட்டார்கள். அவர் எழுப்பிய ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, எட்டுப் பேர் எழுதினால் போதும். அவரோடு ஒத்துப்போகாத ஒருவர் அந்த எட்டில் இருந்தே ஆக வேண்டும். பாஹின் பாடகர் குழுவில் ஒரு குரலுக்கு ஒரே பாடகர்தான் என்று 1981-இல் ஜோஷுவா ரிஃப்கின் சொன்னபோது எழுந்த சண்டை எத்தனை புதிய ஆவணங்களை வெளியே இழுத்துப் போட்டது என்று பாருங்கள். மலரின் கடைசியில் பிரதி எண்களுக்கென்று ஒரு சுட்டுப் பட்டியல் வேண்டும். அதைக் கேட்டு வாங்காத பதிப்பாளரிடம் கொடுக்காதீர்கள்.

கச்சேரி

இப்போது மண்டபம் பார்க்கலாம். பேச்சு மொத்தம் பதினைந்து நிமிடம். மீதியை வாத்தியங்கள் பேசட்டும். அவருடைய கண்டுபிடிப்பு காதுக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பழைய பதிப்பில் இருந்தபடி எட்டுப் பத்து பார்களை (தாளக் கட்டங்களை) வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு அவர் திருத்தியபடி அதே பார்கள், பிறகு முழுப் படைப்பு. ஒரு ஸ்லர் இடம் மாறினால் வாக்கியமே மாறுவதைச் சபை தானாகவே உணரும்.

மாதிரிக்கு ஒன்று: விவால்டியின் மூன்றாம் ஓபஸின் (வெளியீட்டுத் தொகுதியின்) 11-ஆவது கன்செர்டோ, ஆர்.வி. 565, அடுத்து அதையே பாஹ் ஆர்கனுக்கு மாற்றியது, பாஹ் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 596. இந்த இரண்டாவதின் கையெழுத்துப் பிரதியில் மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமன் தன் பெயரைப் போட்டு, 'என் தந்தை படியெடுத்தது' என்று எழுதி வைத்தார். 1844-இல் அச்சானபோதும் மகன் பெயரில்தான் வந்தது. 1911-இல் மாக்ஸ் ஷ்னைடர்தான் முடிச்சை அவிழ்த்தார். தொடக்கத்தில் இரண்டு சோலோ வயலின்கள் ஒன்றையொன்று துரத்தும். பாஹ் அந்த இரண்டையும் இரண்டு விசைப்பலகைகளுக்குப் பிரித்துத் தருவார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஆராய்ச்சி என்றால் என்ன என்று மேடையில் விளக்க வேண்டியதே இல்லை.

நடைமுறைச் சங்கடங்கள் உண்டு. பரோக் வயலின்கள் பெரும்பாலும் 'ஏ' சுரத்தை 415 அதிர்வில் வைக்கும். இன்றைய ஆர்கன் 440-இல் இருக்கும். அரை சுரம் வித்தியாசம். சேர்ந்து வாசிக்காவிட்டாலும் அடுத்தடுத்து வரும்போது காதை உறுத்தும். இடத்தை முடிவு செய்யும் முன்பே ஆர்கனின் சுருதியைக் கேட்டுவிடுங்கள். ஹார்ப்சிகார்டை மண்டபத்துக்குக் காலையிலேயே கொண்டுவந்து, அறையின் வெப்பத்துக்குப் பழகவிட்டுப் பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். மேடை விளக்கு அதன்மேல் நேராக விழக் கூடாது. இடைவேளையில் மறுபடி சுருதி பார்க்கக் கால் மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் மேடையேறிப் படம் பிடித்துக்கொள்ள வருபவர்களைத் தடுக்க வாசலில் கண்டிப்பான ஆள் ஒருவர் இருக்கட்டும்.

நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு படைப்புக்கும் கீழே பதிப்பாசிரியர் பெயர், மூலம் இருக்கும் நூலகம், பிரதி எண் மூன்றையும் அச்சிடுங்கள். ஸ்கேன் இணையத்தில் இருந்தால் அதற்கான கியூஆர் குறியும் போடுங்கள். இடைவேளையில் வரிசையில் நிற்கும்போதே போனில் திறந்து, அந்தப் பேஸ் கிளெஃபைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுங்கள், அட்டைகளை ஏற்ற இன்னும் ஆள் வேண்டும்.